அக்கா சாட்சி, தம்பி சாட்சி

“கழட்டறதா இருந்தா முதல்ல என்னைக் கழட்டு, அப்புறம் பொட்டியைக் கழட்டு!”

அக்கா போட்ட சத்தத்தில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கும் அந்த நேரம் பார்த்து வராந்தாவில் துணி காயப்போடும் வேலை இருந்தது. காலையிலேயே காயப்போட்டு முடித்த துணிதான். ஒருமுறை திருப்பிப் போட்டால் குறைந்தா போய்விடும்?

“உங்களை யாருக்கா கழட்ட முடியும்? துருப்பிடிச்ச ஆணி மாதிரி அடிச்சு உட்கார்ந்திருக்கீங்க” என்றார் தம்பி. கையில் ஒரு திருப்புளி வேறு வைத்திருந்தார். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்த மாதிரித் தெரியவில்லை.

“நான் ஆணின்னா நீ என்னடா? சுவரையே பேத்துட்டுப் போற கடப்பாரை!”

“உங்க பொட்டி செத்துச் செத்துப் பொழைக்குது. அதனாலதான் என் மானம் போச்சு. பல் டாக்டர் போன்ல என்ன கேட்டார் தெரியுமா? ‘மாடிக்குப் போற வழியில நான் எதுக்குக் குளிக்கணும்’னு கேட்டார்!”

விஷயம் இதுதான். இந்த அக்காவும் தம்பியும் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர்கள். எங்கள் மாடியில் என் பக்கத்து வீட்டில் குடியிருந்து, அங்கேயே அப்பா ஆரம்பித்த தொழில். அவர் போனபிறகு ஒரே அலுவலகத்தில் இருவருக்கும் மூச்சு முட்ட, தம்பி தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தளத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். தொழில் பிரியவில்லை, பேச்சு மட்டும் பிரிந்தது. அக்கா பக்கம் ஒரு சர்வர், தம்பி பக்கம் ஒரு சர்வர். இந்தப் பெட்டியில் இருக்கிற வரைபடங்களும் அந்தப் பெட்டியில் இருக்கிற வரைபடங்களும் ஒன்றுதானா என்று மணிக்கொரு முறை ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் சரிசெய்யும் மென்பொருள் ஒன்று நடுவில் ஓடியது. மனிதர்கள் பேசிக்கொள்ளாத குறையைப் பெட்டிகள் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தன என்று வையுங்கள்.

அந்தப் பேச்சும் கொஞ்ச நாளாக நின்று நின்று போனது. ‘மெமரி போதவில்லை’ என்று ஒரு வரியைத் திரையில் எழுதிவிட்டு மென்பொருள் படுத்துவிடும். அது படுத்துக் கிடந்த ஒரு நாளில்தான் அக்கா பக்கம் பல் டாக்டர் வீட்டுக் குளியலறையை இடம் மாற்றினார்கள். தம்பி பக்கம் அதே இடத்துக்கு மாடிப்படியை நகர்த்தினார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. கொத்தனார் கையில் இரண்டு அலுவலகத்துத் தாளும் இருந்தன. அவர் பாவம், இரண்டு பேரையும் மதித்து இரண்டையும் கட்டிவிட்டார். படியேறினால் நேரே குளியலறைச் சுவர்.

இவ்வளவு அமளிக்கும் நடுவில், பெட்டிக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்தான் ஒருவன். சர்வரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவன். எங்கள் தெருவில் அவனுக்கு ‘ஆகட்டும்’ என்று பெயர். யார் எது சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து “ஆகட்டுங்க” என்பான். பார்க்க லட்சணம், பேச்சில் வெண்ணெய், சட்டைக் காலரில் ஒரு கசங்கல் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அக்காவின் மகளோடு அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள் என்றால் வெண்ணெயின் தரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலக நேரத்தில் ‘மேடம்’, ஆறு மணிக்குமேல் ‘அத்தை’. தெருவைக் கடந்தால் ‘சார்’, அந்தப் பக்கம் யாரும் இல்லாவிட்டால் ‘மாமா’.

“இங்க பாரு” என்று அவன் பக்கம் திரும்பினார் அக்கா. “வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகணும். ஆகலைன்னா உனக்கு வேலையும் கிடையாது, என் பொண்ணும் கிடையாது.”

“இந்த ஒரு விஷயத்துல அக்கா சொல்றதுதான் சரி” என்றார் தம்பி.

“ஆகட்டுங்க” என்றான் அவன். வேறென்ன சொல்வான்?

இது நடந்தது திங்கட்கிழமை. ஆனால் அதற்கு முன்பே அவன் வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை பெட்டி படுத்தபோது, “மெமரி பத்தலைன்னு அதுவே சொல்லுதே மேடம், வாங்கிப் போட்டா சரியாயிடும்” என்றான். அக்கா வாங்கிக் கொடுத்தார். எதிர்ப்பக்கத்துக்குச் சேதி எட்டியது. அக்காவுக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு வேண்டும் என்று தம்பி கேட்டார். போட்டான். அதைக் கேள்விப்பட்டு அக்கா அதற்கு மேல் ஒரு மடங்கு கேட்டார். அதையும் போட்டான். ஊரில் யாராவது மேல்தளம் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியையாவது உயர்த்திக் கட்டுவதில்லையா, அதே கதை. ஒவ்வொரு முறையும் பெட்டி சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு அதே வரி, அதே படுக்கை.

அடுத்தது, அறைச் சூடு காரணம் என்றான். ஏசி வந்தது. அந்த அறையில் உட்கார்ந்து வரைகிற பெண்கள் இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு மூக்கைச் சிந்தினார்கள்; பெட்டி மட்டும் குளுகுளுவென்று செத்தது. பிறகு, மென்பொருள் பழைய பதிப்பு என்றான். புதிய பதிப்பு வந்தது. அது இன்னும் பணிவோடு ‘மன்னிக்கவும், மெமரி போதவில்லை’ என்றது. யாரோ ஒரு நண்பனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினான். அந்த நண்பனுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது மட்டும் எனக்கே புரிந்தது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவள் மகள்தான். அம்மாவின் குரலும் அவளுக்கில்லை, மாமாவின் முன்கோபமும் இல்லை. வரைபட மேசையில் உட்கார்ந்தால் தலை நிமிராத பெண். பல் டாக்டர் வீட்டுக் குளியலறையை நகர்த்தியதும் அவள்தான் என்பதால் அந்தப் படிக்கட்டுப் பழியில் பாதி அவள் தலையில் விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவனிடம் கேட்டாள்: “அந்த மென்பொருள் மெமரியில அப்படி என்னத்தைத்தான் வெச்சுக்குது?”

“ஃபைல் பேரெல்லாம். எது எது இருக்குன்னு மொத்தமும் மனப்பாடம் பண்ணிக்கிட்டுத்தான் ஒப்பிடவே ஆரம்பிக்கும்.”

“அப்ப நம்மகிட்ட எத்தனை ஃபைல் இருக்கு?”

“டிஸ்க்ல பாதிகூட நிரம்பலையே. கொஞ்சமாத்தான் இருக்கும்.”

“டிஸ்க்கைக் கேக்கலை. எத்தனைன்னு கேட்டேன்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வருங்கால மனைவி ஆசைப்படுகிறாளே என்று எண்ணச் சொல்லி ஒரு கட்டளையைத் தட்டிவிட்டான். இருவரும் கீழே போய்த் தேநீர் குடித்தார்கள். திரும்பி வந்தார்கள். எண்ணிக்கொண்டிருந்தது. அவள் ஒரு வீட்டின் முன்பக்கம் முழுவதும் வரைந்து முடித்தாள். எண்ணிக்கொண்டேயிருந்தது. ஆயிரக்கணக்கில் வரைபடம் இருக்கிற அலுவலகத்தில் கணக்கு கோடியைத் தாண்டி ஓடியது.

அப்போதுதான் அவன் பட்டியலை எட்டிப் பார்த்தான். ஒவ்வொரு வரியும் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீண்டிருந்தது. அக்கா சாட்சி, அதற்குள் தம்பி சாட்சி, அதற்குள் அக்கா சாட்சி, அதற்குள் மறுபடி தம்பி சாட்சி.

“என்னது இது, சாட்சி?” என்றாள் அவள்.

“அது… சிஸ்டம் ஃபைல்” என்று திரையை அணைத்துவிட்டான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டதாம். அன்று கையெழுத்து வாங்க வந்திருந்த கூரியர்க்காரர் சொன்னார்.

சிஸ்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கைவேலைதான். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அக்கா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, “என் தம்பி ராத்திரியோட ராத்திரியா வரைபடத்தை மாத்திட்டு, அக்காதான் மாத்தினாங்கன்னு சொல்ற ஆளு. வெள்ளிக்கிழமைதோறும் இருக்கறதையெல்லாம் அப்படியே ஒரு நகல் எடுத்து எனக்குச் சாட்சியா வெச்சிடு. அவனுக்குத் தெரியவே கூடாது” என்றிருக்கிறார். ஆகட்டும் அத்தை. அந்த வாரமே தம்பி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, வார்த்தை மாறாமல் அக்காவைப் பற்றி அதையே சொல்லியிருக்கிறார். ஆகட்டும் மாமா. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டுமா?

வெளியே தனியாக ஒரு இடத்தில் வைத்திருந்தாலாவது பிழைத்திருப்பான். “ரெண்டு கட்டடத்துலயும் பத்திரமா இருக்கும் அத்தை” என்று பெருமை பேசுவதற்காக, பொது ஃபோல்டருக்குள்ளேயே ஒளித்து வைத்தான். முதல் வெள்ளி அக்காவின் நகல். பின்னாலேயே தம்பியின் நகல், அக்காவின் நகலையும் சேர்த்து. அடுத்த வெள்ளி அக்காவின் நகல், தம்பியின் நகலையும் சேர்த்து. ஒருவர் சாட்சியை மற்றவர் சாட்சி விழுங்க, அதை அடுத்தது விழுங்க, வாராவாரம் வயிறு வீங்கிக்கொண்டே போனது. டிஸ்க் ஏன் நிரம்பவில்லை என்கிறீர்களா? அங்கேதான் நம் ஆள் சாமர்த்தியம் காட்டியிருந்தான். இடம் வீணாகாமல் இருக்க, நகல் என்ற பெயரில் ஃபைலை எடுத்து வைக்காமல், இருக்கிற ஃபைலுக்கே இன்னொரு பெயரை மட்டும் ஒட்டினான். ஒரே வரைபடம், ஆயிரம் பெயர். டிஸ்க்குக்கு அது ஒன்றுதான். மனப்பாடம் செய்கிற மென்பொருளுக்கு ஆயிரம்.

காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு ஃபோல்டரையும் அழித்தால் அன்றைக்கே பெட்டி எழுந்து உட்காரும். ஆனால் அழித்தது தெரிந்தால்? அக்கா தினமும் காலையில் சாமியைப் பார்க்கிற மாதிரி அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே தெரிகிற வெள்ளிக்கிழமைத் தேதிகளை மட்டும் பார்த்து மூடுகிறவர். தம்பியும் அப்படித்தான். ஒருவருக்குச் செய்தது மற்றவருக்குத் தெரிந்தால் இரண்டு பக்கமும் அடி. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு.

புதன்கிழமை அக்காவின் அறை வாசலில் போய் நின்றான். “அத்தை, ஒரு விஷயம்…”

“என் தம்பி வேலைதானே?”

“அது வந்து அத்தை…”

“எனக்குத் தெரியும். நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், உனக்கு எதுக்குப் பொல்லாப்பு. அவன்தான் ஏதோ பண்ணிட்டான். அப்படித்தானே?”

தலை ஒரு பக்கம் சாய்ந்தது. “ஆகட்டும் அத்தை.”

வியாழக்கிழமை தெருவைக் கடந்து போய் மாமாவிடம் ஆரம்பித்தான். அவரும் முடிக்க விடவில்லை. “அக்கா எதையோ திணிச்சு வெச்சிருக்காங்க, அதானே? நான் கண்டுபிடிச்சிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லாத” என்று முதுகில் தட்டி அனுப்பினார். இந்தப் பையன் அன்று தெருவின் நடுவில், இரண்டு கட்டடத்துக்கும் சரிபாதியில், ஒரு ஆட்டோக்காரர் திட்டுகிறவரை நின்றுகொண்டிருந்தான். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வாக்கில் பெட்டி மறுபடி படுத்தது. தம்பி திருப்புளியோடு வந்துவிட்டார். நானும் காபித்தூள் இரவல் கேட்கும் சாக்கில் உள்ளே போய்விட்டேன். இனி நடந்ததெல்லாம் கண்ணால் கண்டது.

“என்னடா ஆச்சு? சரிபண்ணிட்டியா இல்லையா?” என்றார் அக்கா.

“இன்னும் கொஞ்சம் மெமரி போட்டா மேடம்…”

“மெமரியை நிறுத்துங்க” என்றாள் மகள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவளே தோண்டிப் பார்த்திருக்கிறாள்; எழுந்து வந்து, திரையை எல்லாரும் பார்க்கிற மாதிரித் திருப்பினாள். “அம்மா, இந்த ‘அக்கா சாட்சி’ யாரோடது?”

அக்காவின் முகம் மாறியது. தம்பி குனிந்து பார்த்தார். “அக்கா சாட்சியா? ஓஹோ! என்மேல உளவா?”

“அவசரப்படாதீங்க மாமா. அதுக்குள்ள திறந்து பாருங்க. ‘தம்பி சாட்சி’ன்னு ஒண்ணு இருக்கு.”

இந்த முறை குனிந்தவர் அக்கா. “அடப்பாவி! நீயுமா?”

“நீங்க செஞ்சா நியாயம், நான் செஞ்சா பாவமாக்கா?”

“இதை யாருடா உனக்குப் பண்ணிக் குடுத்தது?”

இருவரும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க ரெண்டு பேருமே நிம்மதியா இருக்கணும்னுதான்…” என்று ஆரம்பித்தான்.

“இருங்க” என்றாள் மகள். பழைய வீடு ஒன்றின் வரைபடத்தைத் திறந்து, கூடத்தின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு இழுத்துச் சேமித்தாள். பிறகு அம்மாவின் ஃபோல்டருக்குள் போய், முதல் வெள்ளிக்கிழமை எடுத்துவைத்த சாட்சியைத் திறந்தாள். அதே வீடு. அதே கூடம். குறுக்கே அதே கோடு.

“இப்ப போட்ட கோடு அன்னிக்கே எப்படிம்மா இருக்கும்?”

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. தம்பிக்கு இன்னும் சற்று நேரம். ஃபைல் ஒன்றுதான், பெயர்தான் பல. இங்கே மாற்றினால் அத்தனை சாட்சியும் கூடவே மாறிவிடும். மூன்று மாதமாக இருவரும் ரகசியமாகத் திறந்து பார்த்து நிம்மதியாக மூடியது ஒன்றுக்கும் உதவாத வெறும் பெயர்ப்பலகை.

“அப்ப இது சாட்சியே இல்லையா?” என்றார் தம்பி.

“இல்லை மாமா.”

“இத்தனை நாளா நம்ம ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் படம் காட்டியிருக்கான்டா தம்பி!”

“ஆமாக்கா!”

பல வருஷத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒரே பக்கம் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நின்றவன் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. இவர் ஒரு வசவு எடுத்துக்கொடுக்க அவர் முடித்துவைத்தார். நடுநடுவே ஒருவருக்கொருவர் தண்ணீர்ப் பாட்டிலைக்கூட நீட்டிக்கொண்டார்கள்.

அவன் மகளைப் பார்த்தான். காப்பாற்றுவாள் என்று நினைத்தான் போல. அவளும் சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் நாங்க எங்க இருப்போம்னு இவர் உங்ககிட்ட சொன்னார்?”

“இங்கேயே, என்கூடத்தான். ஏன்?”

“மாமா, உங்ககிட்ட?”

தம்பி கனைத்துக்கொண்டார். “எதிர்ப்பக்கம் என் வீட்டு மேல்தளத்துக்கு வந்துடறதா… அந்த ஆபீசையும் பார்த்துக்கறதா…”

“என்கிட்ட வெளியூர்ல வேலை தேடிக்கிட்டுப் போயிடலாம், இவங்க சகவாசமே வேண்டாம்னு சொன்னார்.”

“எல்லாரும் சந்தோஷமா இருக்கட்டும்னு…” என்றான் அவன்.

“அதுல எது நிஜம்?”

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கும் என்று அவள் முகத்தில் தேடினான். அந்தத் தேடலைத்தான் அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு சாட்சி ஃபோல்டரையும் அழிக்கச் சொல்லித் தட்டினாள். அழிந்து முடிய மாலை வரை ஆனது. அதற்குப்பின் அந்த மென்பொருள், ஆரம்பத்தில் இருந்த மெமரியில் காற்பங்கைக்கூடத் தொடாமல் ஓடியது. அவன் அதற்கு முன்பே தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருந்தான். கல்யாணப் பேச்சு முறிந்ததை நான்தான் தெருவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் விவரம் முழுவதும் தெரியாதே.

அக்கா தம்பி ஒற்றுமை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்து நாள் தாங்கியது. அடுத்து யாரை வேலைக்கு வைப்பது என்பதில் மறுபடி கிழிந்தது. கடைசியில் தம்பி அழைத்து வந்த ஆளையே வைத்தார்கள். நாற்பது வயதுப் பெண்மணி, கண்ணாடி, கரகரத்த குரல். வந்த முதல் நாளே, இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காராவிட்டால் பெட்டியைத் தொடமாட்டேன் என்றார். அக்காவை எதிர்த்துப் பேசினார். அதைவிட அதிசயம், தம்பியையும் எதிர்த்துப் பேசினார். அதுவரை கல்யாணமே வேண்டாம் என்று தலை நரைக்கவிட்டிருந்த தம்பி, அந்த வருஷக் கடைசியில் அவரையே பதிவு செய்து கட்டிக்கொண்டார். அக்கா கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வந்து, பெண் குரல் சரியில்லை என்றார்.

நம் ஆள் ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே கூட வேலைபார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். மகள் அவனுக்கும் முன்பே கிளம்பிவிட்டாள். கடலோர ஊர் ஒன்றில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிறாளாம். கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கக்கூடாதாம். போன மாதம் அக்காவும் சாமான்களைக் கட்டிக்கொண்டு மகளிடம் போய்விட்டார். எங்கள் மாடியில் அந்த வீட்டுக்கு யார் குடிவருவார்கள் என்று இன்னும் தெரியவில்லை. நேற்று ஒரு தம்பதி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் ஏதோ வங்கியில் இருக்கிறாராம், அந்தம்மாவுக்கு இது இரண்டாவது கல்யாணமாம்.